வெள்ளி மாலை கிளம்பி திங்கள் காலை வேலைக்கு: சென்னையிலிருந்து நான்கு கடலோர ஊர்கள், ஓர் ஒப்பீடு

"ரெண்டு நாள் லீவு, கடல் இருக்கணும், வெயில் இருக்கணும், எங்கே போகலாம்?" சென்னையில் இருப்பவர்கள் ஆண்டு முழுக்கக் கேட்கும் கேள்வி இது. பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பாண்டி போயிட்டு வாங்க." பக்கத்தில் இருக்கிறது, கார் போதும், யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு நாளில் போய்வரக்கூடிய கடலோர ஊர்கள் வேறும் இருக்கின்றன. தொலைவை மட்டும் பார்த்து அவற்றைத் தள்ளிவிடுகிறோம்.

இங்கே நான்கை எடுத்துக்கொள்கிறேன்: புதுச்சேரி, தரங்கம்பாடி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி. மாமல்லபுரம் பட்டியலில் இல்லை. அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊருக்குக் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். அறை எடுப்பது வீண் செலவு.

## முதலில் அளவுகோல்கள்

கையில் நிற்கும் பகல். எத்தனை கிலோமீட்டர் என்பது இரண்டாவது கேள்வி. அந்த ஊரில் வெளிச்சத்தோடு எத்தனை மணி நேரம் இருப்பீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் தூங்கும்போதே ஓடும் ரயில், தூரத்து ஊரைக் கிட்டத்தில் கொண்டுவந்துவிடும். பகலில் நீங்களே ஓட்டும் கார், கிட்டத்து ஊரையும் தூரமாக்கிவிடும்.

ஞாயிறு மாலை எப்படி முடிகிறது. போகும்போது யாருக்கும் அலுப்பு தெரியாது. திரும்பும் வழியில்தான் குழந்தை அழும், ஓட்டுபவருக்குக் கண் சொக்கும். திங்கள் காலை ஒன்பதரைக்கு மீட்டிங் என்றால் இதை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடலில் கால் வைக்க முடியுமா. கடலோர ஊர் என்பதாலேயே குளிக்கக் கரை இருக்கும் என்று நினைத்துப் போய் ஏமாறுபவர்கள் நிறைய.

கண்ணுக்குத் தெரியாத செலவு. அரை நாள் விடுப்பு, காலை ஆறு மணிக்கு இறங்கி நண்பகல் செக்-இன் வரை காத்திருப்பது, சனி இரவுக்கு மட்டும் ஏறும் வாடகை, சுங்கச்சாவடி, ஆட்டோ.

கூட்டம் எந்த நாளில் வரும். இதற்குப் பஞ்சாங்கமும் பார்க்க வேண்டும். கீழே சொல்கிறேன்.

## புதுச்சேரி

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 150 கிலோமீட்டர் சொச்சம். சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், வழியில் காபி, டிபன் எல்லாம் முடித்து ஒன்பது மணிக்குள் ஊருக்குள் இருக்கலாம். ஞாயிறு மூன்று மணிக்குத் திரும்பினால் கையில் நிற்கும் பகல் சுமார் 18 மணி நேரம்.

ஞாயிறு மூன்று மணிக்கே ஏன் கிளம்ப வேண்டும்? ஐந்து மணிக்குக் கிளம்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் பகல் பொழுதைக் கழிக்கப் போன சென்னைவாசிகள் அத்தனை பேரும் அதே நேரத்தில் அதே சாலையில் திரும்புவார்கள். அக்கரையில் தொடங்கும் நெரிசல் திருவான்மியூர் வரை விடாது. திண்டிவனம் வழியாகச் சுற்றி வந்தால் பரனூர் சுங்கச்சாவடியும் பெருங்களத்தூரும் காத்திருக்கும். ஒன்று மதியத்திலேயே கிளம்புங்கள், அல்லது இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துவிட்டு எட்டரைக்கு மேல் கிளம்புங்கள். இரண்டுக்கும் நடுவில் வேண்டாம்.

கடலைப் பொறுத்தவரை, ராக் பீச் என்று எல்லோரும் சொல்லும் கடற்கரைச் சாலை நடப்பதற்கான இடம், குளிப்பதற்கானது இல்லை. மாலை தொடங்கி மறுநாள் காலை வரை வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலையிலிருந்து இரண்டு பக்கமும் காற்று வாங்கிக்கொண்டே நடக்கலாம். கரை ஏன் பாறையாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கிழக்குக் கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகும். 1980களின் பிற்பகுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டியதும், வர வேண்டிய மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே இருந்த கரையை அலை தின்றது. மிச்சத்தைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். அண்மைக் காலத்தில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. கால் நனைக்க அது போதும். மணலில் புரள வேண்டும் என்றால் சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் பாரடைஸ் பீச் போக வேண்டும், அல்லது வடக்கே செரினிட்டி பீச். இரண்டிலும் நீரிழுப்பு உண்டு. முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு வாடகைதான். அதே அறைக்கு வாரநாளில் ஒரு விலை, சனி இரவுக்கு வேறு விலை. ஒயிட் டவுனுக்குள் தங்கினால் காரை எங்கே நிறுத்துவது என்பது தனிக் கவலை. முன்பதிவு செய்யும்போதே பார்க்கிங் உண்டா என்று போனில் கேட்டுவிடுங்கள், இணையதளத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். வாடகை ஸ்கூட்டர் எளிது. உரிமத்தின் அசல் கையில் இருக்கட்டும். ஆரோவில் மாத்ரிமந்திருக்கு உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். நேரே போய் நிற்பவர்களுக்குத் தூரத்தில் இருந்து பார்க்கும் இடம் மட்டும்தான்.

இன்னொன்று. அங்கே மது மலிவு என்பதால் சனி இரவு சில தெருக்கள் சத்தமாக இருக்கும். பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் மதுக்கூடம் உள்ள ஹோட்டலைத் தவிருங்கள். திரும்பும்போது டிக்கியில் பாட்டில் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டு எல்லைக்குள் வருவது வேண்டாத வம்பு, சோதனை இருக்கும்.

யாருக்கு நல்லது: முன்பதிவு எதுவும் செய்யாமல் வியாழக்கிழமை முடிவெடுப்பவர்களுக்கு. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு. ஊரைச் சுற்றி நடக்கவும் நல்ல காபி குடிக்கவும் ஆசைப்படுபவர்களுக்கு.

## தரங்கம்பாடி

இது நகரம் இல்லை, சிற்றூர். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை, அலை வந்து மோதும் தொலைவில் நிற்கிறது. 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழில் நூல்களை அச்சடித்த ஊர். கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பார்க்க அரை நாள் போதும். மீதி நேரம் சும்மா இருக்கத்தான். சும்மா இருக்கத் தெரியாதவர்கள் சனி மாலையே "அடுத்து என்ன?" என்று கேட்பார்கள்.

சென்னையிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். காரில் போனால் கையில் நிற்கும் பகல் 15 மணி நேரம்தான். ரயில் என்றால் மயிலாடுதுறையில் இறங்கி முப்பது கிலோமீட்டர் பேருந்து. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது, 1986இல் நிறுத்திவிட்டார்கள்.

தங்குமிடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கடல் பார்த்த பழைய வீடுகளில் அறை கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் இந்த ஊரை அடுத்த முறைக்குத் தள்ளிவையுங்கள். "பக்கத்தில் காரைக்காலில் தங்கிக்கொள்ளலாம்" என்பார்கள். சனிக்கிழமையில் அதை நம்ப வேண்டாம். திருநள்ளாறு சனீஸ்வரரைப் பார்க்க வரும் கூட்டம் அன்றைக்குத்தான் காரைக்கால் அறைகளை நிரப்பும். வடக்கே திருக்கடையூர் என்றால் அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும்; முகூர்த்த நாளில் சொந்தக்காரர்கள் படையோடு வந்து எல்லா அறையையும் எடுத்திருப்பார்கள்.

யாருக்கு நல்லது: இரண்டு பேர், இரண்டு புத்தகம், கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு. வீட்டில் யாருக்காவது திருக்கடையூர் வேண்டுதல் பாக்கி இருந்தால் அதோடு சேர்த்தும் போகலாம்.

## ராமேஸ்வரம்

சாலையில் 560 கிலோமீட்டர் என்றதும் வார இறுதிக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவோம். ரயிலில் இரவு படுத்தால் விடியும் நேரத்தில் பாம்பன் பாலம். வெள்ளி இரவும் ஞாயிறு இரவும் ரயிலில் கழிந்தால், சனி காலை ஏழிலிருந்து ஞாயிறு மாலை வரை முழுதாக உங்களுடையது. கூட்டிப் பார்த்தால் பகல் 22 மணி நேரம், காரில் போகும் பாண்டியைவிடக் கூடுதல்!

இந்தக் கணக்கு 2022 டிசம்பரிலிருந்து கொஞ்ச காலம் வேலை செய்யவில்லை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனதால் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறந்த பிறகு மறுபடி தீவுக்குள்ளேயே போய் இறங்கலாம். 1914இல் கட்டிய பழைய பாலம் கத்தரிபோல் இரண்டாகப் பிரிந்து கப்பலுக்கு வழிவிட்டது. புதியதில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். கீழ்ப்படுக்கை ஜன்னலோரம் கிடைத்தவர்கள் மண்டபம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர், ரயில் ஊர்ந்துதான் போகும், கீழே மீன்பிடிப் படகுகள். இதைப் பார்க்கவே சிலர் டிக்கெட் எடுக்கிறார்கள்.

இனி எதிர்ப்பக்கம். இரண்டு இரவு ரயில் தூக்கம் எல்லோருக்கும் ஒத்துவராது. திங்கள் காலை எழும்பூரிலோ தாம்பரத்திலோ இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்து, நேரே வேலை. முப்பது வயதில் முடியும். முதுகுவலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். காலை ஆறு, ஏழு மணிக்கு இறங்கியதும் அறை கிடைக்குமா என்பது அடுத்தது. நண்பகல் செக்-இன் என்று எழுதியிருக்கும் ஹோட்டலில் முன்னதாகக் கேட்டால் அரை நாள் வாடகை சேரும். அந்த ஊரில் பல விடுதிகள் 24 மணி நேரக் கணக்கில் அறை கொடுக்கின்றன: காலை ஏழுக்கு எடுத்தால் மறுநாள் காலை ஏழு வரை. அப்படிப்பட்ட விடுதியில் தங்கினால் ஞாயிறு பகலில் பையை எங்கே வைப்பது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடப் போகிறீர்கள் என்றால் சனிக்கிழமை காலையே முடித்துவிடுங்கள். ஈரத்துணியோடு சன்னதிக்குப் போக முடியாது. மாற்றுத்துணியை எங்கே யாரிடம் கொடுத்துவைப்பது என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். கோயில் உங்கள் திட்டத்தில் இல்லை என்றாலும் கூட்டம் உங்களை விடாது. அமாவாசை சனி, ஞாயிறில் விழுகிறதா என்று நாள்காட்டியைப் பாருங்கள். ஆடி, தை, மகாளய அமாவாசை என்றால் அந்த வாரமே வேண்டாம்.

வெயிலும் கடலும் தேடிப் போகிறவர்களுக்கு ஊர் தொடங்கும் இடம் தனுஷ்கோடிதான். சுமார் 20 கிலோமீட்டர் சாலை, கடைசியில் அரிச்சல்முனை. 1964 டிசம்பரில் வந்த புயலில் ஊரும், ஊருக்குள் வந்துகொண்டிருந்த ரயிலும் போயின. தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் மணலில் நிற்கின்றன. முனை வரைக்கும் தார்ச்சாலை 2017இல்தான் வந்தது. சாலையின் ஒரு பக்கம் பாக் நீரிணை, ஏரிபோல் அடங்கிக் கிடக்கும். மறுபக்கம் மன்னார் வளைகுடா, ஆர்ப்பரிக்கும். மீனவர்கள் ஒன்றைப் பெண் கடல் என்றும் இன்னொன்றை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். முனையில் இரண்டும் சேரும் இடத்தில் இறங்கக் கூடாது, நீரோட்டம் பலமானது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. காலை எட்டுக்குள் போய் பத்துக்குள் திரும்புங்கள், அல்லது மூன்றரைக்குமேல் போங்கள். இருட்டுவதற்குள் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். வழியில் கூரைக்கடைகளில் கண் முன்னாலேயே மசாலா தடவிப் பொரித்துத் தரும் மீனை வாங்கும்முன் விலையைக் கேட்டுவிடுங்கள். ஆட்டோவும் அப்படியே: போக, வர, அங்கே காத்திருக்க, வழியில் எத்தனை இடத்தில் நிறுத்த, எல்லாவற்றையும் சேர்த்து முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். முனை வரை அரசுப் பேருந்தும் போகிறது.

விமானம் பற்றிக் கேட்பவர்களுக்கு: மதுரைக்குப் பறந்து, அங்கிருந்து 170 கிலோமீட்டருக்கு மேல் கார். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் பாதிப் பகல் போய்விடும். ரயிலைவிடப் பல மடங்கு செலவும் ஆகும்.

யாருக்கு நல்லது: ரயிலில் படுத்ததும் தூங்கிவிடுபவர்களுக்கு, இரண்டு மாதம் முன்பே நாள் குறிக்கக்கூடியவர்களுக்கு, கோயிலும் கடலும் ஒரே பயணத்தில் வேண்டும் என்னும் கூட்டுக்குடும்பத்துக்கு.

## கன்னியாகுமரி

நான்கில் எனக்கு மிகப் பிடித்த ஊர். ஆனாலும் இரண்டு நாளுக்கு இதை நான் கடைசியில்தான் வைப்பேன். 700 கிலோமீட்டர். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் வெள்ளிக்கிழமை அலுவலகம் முழுதாக விடுவதற்குள் எழும்பூரிலிருந்து கிளம்பிவிடும். அதாவது அரை நாள் விடுப்பு. எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத் சனி காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மதியம் இரண்டு மணிவாக்கில் சேர்க்கிறது. அங்கிருந்து இருபது கிலோமீட்டர். ஞாயிறு மதியம் இரண்டே காலுக்கு மேல் அதே வண்டி திரும்புகிறது. இப்படிப் போனால் கையில் நிற்கும் பகல் சுமார் 10 மணி நேரம். டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ரயில் ஜன்னலுக்கே போய்விடும்.

போவது என்று முடிவெடுத்தால் மாதத்தைப் பாருங்கள். சூரிய உதயம் எப்போதும் கடலில் தெரியும். அஸ்தமனம் அப்படி இல்லை. அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரைதான் சூரியன் கடலில் இறங்குவது நன்றாகத் தெரியும். மற்ற மாதங்களில் அது நிலப்பக்கம் ஒதுங்கிவிடும். அந்த நல்ல மாதங்களிலேயே கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை சபரிமலை சென்று திரும்பும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை என்பதே என் தேர்வு.

விவேகானந்தர் பாறைக்குப் படகு காலை எட்டு மணிக்குத் தொடங்கும். ஏழரைக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். கடல் சீற்றம் என்றாலும், நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகு நிறுத்தப்படும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இது அடிக்கடி. 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தால், முன்பு பல நாள் படகு போகாமல் கரையிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்த 133 அடி திருவள்ளுவர் சிலைக்கு இப்போது பாறையிலிருந்து நடந்தே போகலாம். நீந்தும் ஆசையை விட்டுவிடுங்கள், கரையெல்லாம் பாறை.

யாருக்கு நல்லது: திங்கள் அல்லது வெள்ளி சேர்ந்து மூன்று நாள் கிடைத்தவர்களுக்கு. அப்போது பத்மநாபபுரம் அரண்மனையும் சுசீந்திரமும் சேரும். அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. மூன்றாவது நாளை அதற்கென்று வைக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | புதுச்சேரி | தரங்கம்பாடி | ராமேஸ்வரம் | கன்னியாகுமரி |
|---|---|---|---|---|
| சாலைத் தொலைவு | 150 கி.மீ. | 280 கி.மீ. | 560 கி.மீ. | 700 கி.மீ. |
| ஏற்ற வழி | கார், பேருந்து | கார் | இரவு ரயில் | இரவு ரயில் |
| கையில் நிற்கும் பகல் | 18 மணி | 15 மணி | 22 மணி | வந்தே பாரத்தில் 10. இரவு ரயிலில் 22, ஆனால் அரை நாள் விடுப்பு |
| கடலில் இறங்க | ஊருக்கு வெளியே, கவனமாக | கால் நனைக்க | பாக் நீரிணைப் பக்கம் | வேண்டாம் |
| மறைந்த செலவு | சனி வாடகை, ஞாயிறு நெரிசல் | அறைத் தட்டுப்பாடு | காலை அறை, ஆட்டோ | விடுப்பு, படகு வரிசை |
| தவிர்க்க வேண்டியது | புத்தாண்டு, நீண்ட விடுமுறைகள் | முகூர்த்த நாட்கள் | அமாவாசை | ஐயப்ப சீசன் |

வானிலை நான்குக்கும் பொது: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். அந்த மாதங்களில் முன்பணம் திரும்பக் கிடைக்கும் அறையை மட்டும் எடுங்கள், நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. ஏப்ரல், மே வெயில் கொளுத்தும். மதியத்துக்குமேல் கடற்காற்று உள்ளே வந்த பிறகுதான் வெளியே தலைகாட்டலாம்.

## டிக்கெட் கிடைக்குமா என்பதே தீர்மானிக்கும்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. வெள்ளி மாலை, ஞாயிறு மாலை வண்டிகள்தான் முதலில் தீரும். நான் முதலில் தேடுவது திரும்பும் டிக்கெட்டை. ஞாயிறு இரவுக்கு உறுதியான படுக்கை கிடைத்த பிறகுதான் போகும் டிக்கெட், அதன் பிறகுதான் அறை. போகும் டிக்கெட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வருவதைத் தட்காலில் பார்த்துக்கொள்ளலாம் என்பது சூதாட்டம். முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஏசி, பதினொன்றுக்கு மற்ற வகுப்பு. அந்த நேரத்தில் நீங்கள் அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் சிக்னல் தேடிக்கொண்டிருப்பீர்கள். உறுதியான தட்காலை ரத்து செய்தால் பணமும் திரும்பாது.

ஆம்னி பேருந்து இருக்கிறதே என்றால், இருக்கிறது. நீண்ட விடுமுறையில் அதன் கட்டணம் ரயில் ஏசி வகுப்பைத் தாண்டிப் போகும். தென்மாவட்ட வண்டிகள் கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புவதால், வடசென்னையில் இருப்பவர்கள் அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

காத்திருப்போர் பட்டியலில் டிக்கெட் நிற்கிறது, வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது என்றால் சார்ட் வரும்வரை நகத்தைக் கடிக்க வேண்டாம். ரத்து செய்துவிட்டு, சனி விடிகாலை ஐந்து மணிக்குப் பாண்டிக்கு வண்டியை எடுங்கள்.